பின்னுக்குப் போன தோணிக்காரன்

சாகாமத்துக் குளக்கட்டை விட்டு இறங்கி, வயல் வரம்பு முடிந்து, அக்கரைப்பற்றுக்குப் போகும் ரோட்டில் ஏறும் இடத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் தன் வாடிக் குடிசைக்கு வெளியே மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை. என் கக்கத்தில் சுருட்டிய சீலைப் படம் ஒன்று இருந்தது. படத்தில் தோணி ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

“காய்ச்சல்ல மௌத்தாயிட்டாரெண்டு சொல்லு” என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாய்ந்தமருதில் அவருடைய மனைவி இருந்தார். கணவர் கடலோடு போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டி, இறந்தவருக்கான கத்தம் ஓதி, அந்தப் பெண் விதவை காத்திருக்க வேண்டிய இத்தாக் காலமும் இருந்து முடித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கும் நிந்தவூர் மாப்பிள்ளை ஒருவருக்கும் நிக்காஹ். உயிரோடிருக்கும் ஒருவர் தானே சொல்லி அனுப்பிய மௌத்துச் செய்தியை நான் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வெயில் நல்ல வெயில். காலில் செருப்பில்லை. அதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அந்தச் செய்தியை என்ன செய்வது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஐம்பதுகளில் நடந்த இந்த விஷயத்தை இப்போது எழுதக் காரணம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போட்ட ஒரு நாடகம். ஜெமீலா என்றொரு அக்கா, சாலி என்றொரு தம்பி. பஸராப் பட்டணத்தில் மண்பாண்டம் வனையும் ஒருவருடைய பிள்ளைகள். கூசா என்னும் மண்சாடிக்குள் குடியிருக்கும் பல்வலிக்கார ஜின் ஒன்று அவர்களை நேற்றுக்கும் முந்தாநாளுக்கும் கூட்டிப் போகிறது. நாடகம் முடிந்ததும் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“இதுக்குக் காலப் பயணக் கதை எண்டு பேர், பெரியவர். எல்லா ஊர்லயும் சொல்றாங்க, ஆர் எழுதினதெண்டு ஒருத்தருக்கும் தெரியா. நீங்க அந்தக் காலத்துல படப்பெட்டிக்குப் பின்னால நிண்ட ஆளாமே? ஆர் எழுதின?”

அதை யாரும் எழுதவில்லை, மாப்பசையால் ஒட்டியது என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

நான் படித்தது கொஞ்சம். ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதினேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மருதமுனையில் தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றினேன். சம்மாந்துறை அரிசி ஆலையில் உமி அள்ளினேன். உமித்தூசு நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனதால் ஒரு நாள் ஆலைக்குப் போகாமல் ரோட்டோடு கிழக்கே நடந்தேன். எந்த வேலையை விட்டும் நான் சண்டை போட்டு வந்ததில்லை. நடக்க வேண்டும்போல் இருக்கும், நடந்துவிடுவேன். காரைதீவுச் சந்தியில் ஒரு மரத்தடியில், இறக்கி வைத்த பெட்டியோடு ஒரு மனிதர் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்தப் பெட்டியத் தூக்கத் தலை தருவியா?” என்றார்.

“ஓம்” என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

அவர் ஆதம்பாவாக் காக்கா. எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். அவருடையது கைப்பிடியைக் கிறுக்கி, அதாவது சுழற்றி, படம் காட்டும் பெட்டி. முன்பக்கத்தில் மூன்று கண்ணாடிக் கண்கள். உள்ளே இரண்டு உருளைகள். ஒன்றில் சுற்றியிருக்கும் சீலைச் சுருள் மற்றதற்குப் போகும்போது கண்ணாடிக்கு நேரே படங்கள் ஒவ்வொன்றாக வரும். பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்து இழுத்துச் சீலையைக் கிழிக்காமல் இருப்பதற்காக, ஒரு பக்கம் மட்டுமே கிறுகும்படி சக்கரத்துக்கு ஒரு இரும்புப் பல் வைத்திருந்தார்.

தொழிலை நான் ஒரு கிழமைக்குள் பழகிவிட்டேன். அவருடைய ஒழுங்குகள்தான் பழகுவதற்குக் கஷ்டம். பெட்டியை நிலத்தில் வைக்கக்கூடாது, முக்காலியில்தான். கண்ணாடியைத் துடைக்கத் தன் தலைப்பாகையின் நுனியைத் தவிர வேறு சீலை தொடக்கூடாது. குட்டையான பிள்ளை முன்னால், நெட்டையான பிள்ளை பின்னால். கைப்பிடியில் கை வைக்கும் முன் இறைவன் பெயரால் பிஸ்மி. ஒரு படம் ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் என்னை ஏச மாட்டார். என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, “கிறுக்கு, இழுக்காத” என்று காதுக்குள் சொல்லுவார். அவர் குரல் உயர்த்தியதை நான் கேட்டதே இல்லை. ஜின்னாக மாறினால் மட்டும் தெரு, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

பழைய சுருளைச் செல் அரித்ததால் புதிய கதை ஒன்றுக்குப் படம் கீறக் கொடுத்தார். கதை அவர் வாய்க்கதை. அறபு நாட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவரே கட்டியது. அக்காவும் தம்பியும் ஒரு கூசாவைத் திறக்கிறார்கள், ஜின் வருகிறது, தோணிக்காரன் கடலில் கூட்டிப் போகிறான், சுல்தான் பிடித்து அடைக்கிறான், சாலி சுல்தானுடைய தாடியில் தீப்பந்தத்தை வைத்துவிட்டு ஓடுகிறான், கடைசியில் உம்மா இருவரையும் கட்டிப்பிடிக்கிறாள். நேரான கதை. கல்முனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் சின்னத்துரை அண்ணன்தான் படம் கீறியவர். ஒரு நாள் படங்களைக் கொண்டுவந்து காக்கா வீட்டுப் பாயில் இடப்பக்கத்திலிருந்து வரிசையாக விரித்து, “இப்பிடியே ஒட்டுங்க காக்கா” என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடிவிட்டார்.

ஆதம்பாவாக் காக்காவும் ஓதப்பள்ளி மட்டும் போனவர். குர்ஆன் ஓதுவார், அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ்க் கிதாபுகள் வாசிப்பார். அந்த எழுத்தெல்லாம் வலப்பக்கத்தில் தொடங்கும். அவருடைய கை தானாக வலப்பக்கத்துப் படத்தைத்தான் முதலில் எடுத்தது. நான் பசை தடவிக் கொடுத்தேன். நானும் அதே மாதிரி ஓதப்பள்ளியில் ஓதியவன், எனக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஒட்டி முடித்து, ஓரம் தைத்து, வெயிலில் காய வைத்தோம்.

நிந்தவூரில் முதல் காட்சி. காக்கா பிஸ்மி சொல்லிக் கிறுக்கினார். முதல் படமாக உம்மா பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்ன காக்கா, கதை முடிஞ்சிட்டா?” என்றான் முன்னால் நின்ற ஒரு பொடியன்.

காக்காவின் கை நின்றது. சக்கரம் மறு பக்கம் கிறுகாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு மூக்கால் பேசும் ஜின்னுடைய குரலில் சொன்னார்: “இது நாளைக்கு நடந்த விசயம், புள்ளையள். இனி நேத்து என்ன நடக்கும் எண்டு பாப்பம்!”

அப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. அடுத்த படத்தில் சுல்தான் கருகிய தாடியோடு வந்தான். அதற்கடுத்த படத்தில் அவனுக்கு நெஞ்சு வரை நல்ல தாடி. ஜின் ஊதி முளைக்க வைத்தது என்று காக்கா சொன்னார். சிறைக்குள் ஜெமீலாவுக்கு முன்பல் இல்லை. கடலில் போகும்போது பல் இருந்தது.

“விழுந்த பல்லு எப்பிடிக் காக்கா மறுகா முளைச்ச?”

“விழல்லியே இன்னும். நாளைக்குத்தான் விழும்.”

“அப்ப அவளுக்குத் தெரியுமா விழப்போறது?”

“தெரியும். அதுதான் முறுக்குக் கடிக்காம இரிக்கிறாள்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்பல் போன ஒரு சின்னப் பெண் மட்டும் சிரிக்காமல் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நின்றாள். மறுநாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். சுருளைப் பிரித்துச் சரியாக ஒட்டும் பேச்சைக் காக்கா அதன் பிறகு எடுக்கவே இல்லை. ஜெமீலாவுக்கும் சாலிக்கும் நடக்கப்போவது எல்லாம் தெரியும், மற்ற ஒருவருக்கும் தெரியாது. அதுதான் கதையின் சட்டம் ஆகிவிட்டது. அவர்கள் இருவருக்கும் நான் குரல் கொடுத்தேன். ஜின், சுல்தான், தோணிக்காரன் மூவரும் காக்கா. எது முன், எது பின் என்று பல நாள் எனக்கே குழம்பும். சாலியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, தாடியைக் கொளுத்தியாகிவிட்டதா இனித்தான் கொளுத்த வேண்டுமா என்று மறந்து காக்காவின் முகத்தைப் பார்ப்பேன்.

பெண்களுக்குக் காட்டும் முறை வேறு. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பெண்கள் ஒழுங்கைக்கு வந்து பெட்டிக்குள் குனிய மாட்டார்கள். வீட்டு வளவு வேலியில் இரண்டு தென்னோலைக் கிடுகைக் கழற்றுவோம். கண்ணாடிகள் வளவுப் பக்கம், கைப்பிடி ஒழுங்கைப் பக்கம் வரும்படி பெட்டியை அந்த இடைவெளியில் வைப்போம். சுற்றிவரப் பாயால் அடைத்துவிடுவோம். உள்ளே யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வளையல் சத்தமும் சிரிப்பும்தான் கேட்கும். உள்ளேயிருந்து கேள்வி வந்தால் காக்கா தன் குரலில் பதில் சொல்லவே மாட்டார். ஜின்னாகவோ சுல்தானாகவோ தோணிக்காரனாகவோதான் சொல்வார்.

ஏன் என்று கேட்டேன்.

“வேத்து ஆம்புள வேலிக்கால கதைச்சா ஊருக்குள்ள வம்பு. ஜின்னு கதைச்சா ஆர்ரா என்ன சொல்ற?” என்றார்.

சாய்ந்தமருதில் அந்த வீட்டு வேலிக்குப் பெட்டி வைத்தது ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு. நாலைந்து படம் போயிற்று. சிரிப்பு நன்றாக இருந்தது. தோணிக்காரன் வந்தான். சின்னத்துரை அண்ணன் கீறிய முகங்களிலேயே அதுதான் நல்ல முகம். கொஞ்சம் கோணிய சிரிப்பு, தூண்டில் கிழித்தது போல ஒரு காதுமடல் பிளந்திருக்கும்.

“நிப்பாட்டுங்க” என்றது ஒரு பெண் குரல்.

காக்கா கைப்பிடியை நிறுத்தினார். உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது.

“நீங்க ஆரு?” என்று அந்தக் குரல் கேட்டது.

எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விதான் என்று காக்கா நினைத்துவிட்டார். தோணிக்காரனுடைய கட்டைக் குரலில் வழக்கமான பதிலைச் சொன்னார்: “நான் போன வழியால திரும்புற ஆள், மகளே. நாளைக்கு முடிஞ்சிட்டு. நேத்து இனித்தான் வரும்.”

“நீங்க மௌத்தாகல்லியா?”

“மௌத்தா? அது முன்னுக்குப் போற ஆக்களுக்கு. நான் பின்னுக்குத்தானே போறன்!”

உள்ளே யாரோ விழும் சத்தம் கேட்டது. “சபியா, சபியா” என்று பெண்கள் கத்தினார்கள். ஒரு குடம் உருண்டது. நாங்கள் பெட்டியை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒழுங்கையில் நின்றோம். வாசல் பக்கத்தால் ஒருவர் சுற்றி ஓடி வந்தார். அந்தப் பெண்ணின் மூத்த சகோதரர் அலியார்.

“என்ன மந்திரம்டா பண்ணினீங்க? படத்துல இரிக்கிறது என்ட மச்சான் இஸ்மாயில் எண்டு சொல்றாள். அவரே வந்து மௌத்தாகல்ல எண்டு சொன்னாராம். வெள்ளிக்கிழம நிக்காஹ்! இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?”

“நான் தோணிக்காரனாக் கதைச்சன் தம்பி” என்றார் காக்கா.

“அவரும் தோணிக்காரன்தான் காக்கா!”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வருஷம் ஊரையே மூழ்கடித்த பெருமழை தொடங்கிய அன்று இஸ்மாயில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோணி கொண்டு போனார். தோணி உடைந்து கரை ஒதுங்கியது. அந்த இரண்டு பேருடைய மையித்தும் ஒதுங்கின. இஸ்மாயிலுடைய உடல் வரவில்லை. தேடினார்கள், பிறகு விட்டார்கள்.

பள்ளிவாசலில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் லெவ்வையைக் கூட்டி வந்தார்கள். அவர் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“இந்தப் படம் கீறினது தோணி போறத்துக்கு முன்னயா, பின்னயா?”

முன்னே என்றால் ஒன்றுமில்லை. பின்னே என்றால் கணவர் உயிரோடிருக்கிறார், வெள்ளிக்கிழமை நிக்காஹ் ஹறாம். காக்காவுக்குத் தெரியவில்லை. படங்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. ஒட்டியதோ தலைகீழ். பெட்டியையும் காக்காவையும் ஒழுங்கையிலேயே இருத்திவிட்டு, சின்னத்துரை அண்ணனைத் தேடி என்னை அனுப்பினார்கள்.

அவர் கல்முனையில் இல்லை. மறுநாள் காலை வீரமுனைக் கோயில் மதிலில் மயிலுக்குத் தோகை கீறிக்கொண்டு சாரத்தில் நின்றார். கீழே இருந்தே கேட்டேன்.

“அண்ணன், அந்தத் தோணிக்காரன் ஆரு?”

“ஆரெண்டு தெரியா தம்பி. மழைக்குள்ள என்ட கொட்டிலுக்குள்ள வந்து ஒதுங்கின ஆள். தெப்பமா நனைஞ்சு. பேர் கேட்டன், சொல்லல்ல. தேத்தண்ணி குடுத்தன், குடிச்சார். முகம் நல்ல முகமா இரிந்திச்சு. கொஞ்சம் இரியுங்க எண்டு கீறிட்டன்.”

“எந்த மழை? பெருமழைக்கு முன்னயா?”

“மழைக்கு ஏது தம்பி முன்னும் பின்னும்? பேஞ்சுகொண்டே இரிந்திச்சு.”

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். பிறகு, “கடலுக்கு என்ன நீலம் போட்டிரிக்கன் எண்டு பாருங்க” என்றார். பெருமழையில் மட்டக்களப்புப் பாதை உடைந்து டின் சாயம் வராமல் போய்விட்டதாம். கையில் இருந்த நீலமும் முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு கீறிய படங்களுக்கு, உடுப்புத் துவைக்கப் போடும் நீலக்கட்டியைப் பிசினில் கரைத்துப் பூசினாராம்.

“ஈர விரலால தேச்சுப் பாக்கச் சொல்லுங்க. டின் சாயமெண்டா ஒட்டாது. நீலக்கட்டியெண்டா விரல்ல வரும். நான் ஒரு படம் முடிக்காம மத்தப் படம் தொடமாட்டன்.”

நான் திரும்பிப் போகத் தொடங்கியபோது சாரத்தில் இருந்து கூப்பிட்டார். “தம்பி, அந்த ஆள் கடல் தெரியாத இடத்துல வேல கிடைக்குமா எண்டு கேட்டார். சாகாமத்துப் பக்கம் வயல் வேலைக்கு ஆள் தேடுறாங்க எண்டு சொல்லி உட்டன்.”

சாய்ந்தமருதில் நான் சொன்னதைக் கேட்டு அலியார் விரலை நனைக்கப் போனார். வேலிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“படத்த இஞ்ச தாங்க. நான் பாக்கணும்.”

காக்கா சுருளின் தையலைப் பிரித்து அந்தப் படத்தை வெட்டி எடுத்தார். வேலிக்கு மேலாகக் கொடுத்தோம். பிறகு கிடுகு இடுக்கு வழியாக ஒரு விரல் நுனி வெளியே வந்தது. நுனி முழுக்க நீலம்.

லெவ்வை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

“நிக்காஹ் இப்போதைக்கு நிக்கட்டும்” என்றார். “ஆனா ஒரு நீலத்த வெச்சு ஒருத்தர் இரிக்கார் எண்டு என்னால எழுதேலா. ஆள் போய்ப் பாத்திட்டு வரட்டும். ஆளில்ல எண்டா வெள்ளிக்கிழம நடக்கட்டும்.”

அலியாருக்கு வழி தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லவும் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். நடக்கிறவன் என்று பெயர் எடுத்திருந்த நான் படத்தோடு சாகாமத்துக்கு நடந்தேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் படத்தை விரித்தேன். “இது நம்மட ஊமையன்” என்று கைகாட்டினார்கள். அங்கே அவர் யாரோடும் பேசுவதில்லையாம். நான் போய்ப் படத்தைக் காட்டியதும் ஊமையன் வாய் திறந்தார்.

“இத ஆர் உனக்குத் தந்த?”

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஜின், வேலி, நீலம், வெள்ளிக்கிழமை. அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே கேட்டார். சபியா விழுந்ததைச் சொன்னபோது வழிப்பதை நிறுத்தினார்.

“கறுத்திருந்த வானம்டா அண்டைக்கு. வேணா வேணா எண்டு ரெண்டு பேரும் சொன்னாங்க. நான்தான் இழுத்துக்கொண்டு போன. அவங்கட ரெண்டு வீடும் எங்கட ஒழுங்கையிலதான் இரிக்கி. அந்தப் பொஞ்சாதிமார் வாசலக் கூட்டிக்கொண்டு நிப்பாங்க. நான் அதால எப்பிடி நடக்கிற?”

“உங்கட பொஞ்சாதி?”

“அவள் நல்லா வாழட்டும். காய்ச்சல்ல மௌத்தாயிட்டாரெண்டு சொல்லு. கபுறக் கண்டெண்டு சொல்லு.”

“நிக்காஹ் ஹறாமாகிடுமே?”

“அவளுக்குத் தெரியாத வரைக்கும் அவளுக்குப் பாவமில்ல. பாவம் எனக்கும் உனக்கும்தான். எனக்கு இரிக்கிறதோட இதுவும் ஒண்டு. நீ தாங்குவியா?”

படத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த நீண்ட வழியில் இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். பொய் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடும் ஆளும் கிடைக்கும். உண்மை சொன்னால், தன்னைத் தேடி வராமல் ஒரு நாள் நடைத் தூரத்தில் ஒளிந்திருக்கும் கணவர் கிடைப்பார். அக்கரைப்பற்று வரும்போது பொய்தான் சரி என்று பட்டது. அட்டாளைச்சேனையில் உண்மைதான் சரி என்று பட்டது. நிந்தவூரைத் தாண்டும்போது எனக்கு ஒன்றும் படவில்லை. தாகம்தான் இருந்தது. நான் எத்தனையோ இடங்களை விட்டுச் சொல்லாமல் நடந்து வந்தவன். எனக்குப் பின்னால் யாராவது வேலிக்குள் நின்றார்களா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தபோது காக்கா ஒழுங்கையில் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தார். அலியார் இருந்தார், லெவ்வை இருந்தார். படத்தை வேலிக்கு மேலாகக் கொடுத்தேன். பெண்ணிடம் நேரே பேசக்கூடாது என்பது காக்காவின் ஒழுங்கு. அதனால், அக்காவைக் கூப்பிடும் சாலியின் சின்னக் குரலில் தொடங்கினேன்.

“ராத்தா, நான் போனேன். தோணிக்காரருக்குக் காய்ச்சல் வந்து...”

அந்தக் குரலில் அது கதை மாதிரியே கேட்டது. அடுத்த படம் எப்போது வரும் என்று எனக்கே இருந்தது.

“சாலி வேணா” என்றார் உள்ளே இருந்தவர். “உன்ட பேர் என்ன?”

காக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“கலந்தர்.”

“கலந்தர், அவர் இரிக்காரா?”

“ஓம் ராத்தா. இரிக்கார்.”

“என்ன சொல்லி உட்டார்?”

“மௌத்தாயிட்டாரெண்டு சொல்லச் சொன்னார்.”

வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. லெவ்வை எழுந்து, “நிக்காஹ் இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல நடந்தார். அலியார் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“காக்கா” என்று சபியா அலியாரைக் கூப்பிட்டார். “விடிஞ்சதும் வண்டி கட்டுங்க. வழி தெரிஞ்ச ஆள் வரட்டும்.”

ஆதம்பாவாக் காக்கா அன்று மாலையே பெட்டியைக் கட்டினார். சுருளில் தோணிக்காரன் இருந்த இடம் ஓட்டை. அந்தப் படத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

“இனி அந்தப் புள்ளையள் எப்பிடிக் கடல் தாண்டும் காக்கா?” என்றேன்.

“நீந்தட்டும்” என்றார். கயிற்றை இறுக்கிக்கொண்டே, “நீ வரல்லியா?” என்றார். நான் வரவில்லை என்றேன். பெட்டியைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டு போனார். சாலிக்கும் ஜெமீலாவுக்கும் அதன் பிறகு யார் குரல் கொடுத்தார்களோ தெரியாது. இன்று பள்ளிக்கூட நாடகத்திலும் அந்தப் பிள்ளைகள் கடலை நீந்தித்தான் தாண்டுகிறார்கள். ஆசிரியருக்குக் காரணம் தெரியவில்லை.

மறுநாள் காலை அலியாரின் மாட்டு வண்டிக்கு நான் வண்டிக்காரனானேன். அரிசி ஆலையிலிருந்து பிற்காலத்துத் துறைமுக வேலை வரை நான் செய்த வேலைகள் பல. அவற்றில் வருவாயா என்று கூட யாரும் என்னைக் கேட்காமல் கிடைத்தது இந்த ஒன்றுதான். கூடாரத்தைச் சுற்றிச் சீலை கட்டியிருந்தது. சபியா உள்ளே ஏறியிருந்தார். அந்த ஒழுங்கையில் இரண்டு வீட்டு வாசலிலும் பெண்கள் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலியார் பின்பக்கம் ஏறும்போது உள்ளே ஒரு மூட்டையைக் கண்டார். துவைத்து மடித்த சாரன்கள், சட்டை, தொப்பி.

“சபியா, இதெல்லாம் அவர்ட உடுப்பு. குடுத்திட்டு வரப் போறியா, ஆளக் கூட்டி வரப் போறியா?”

“வண்டிய உடச் சொல்லுங்க காக்கா.”

“நான் கேட்டத்துக்குப் பதில் சொல்லு புள்ள.”

“அவர்ட முகத்தக் கண்டாத்தான் எனக்குத் தெரியும்.”

அலியார் என்னைப் பார்த்தார். நான் மாடுகளைத் தட்டினேன்.